சம்பந்தி தந்த பீப்பாய்

2022 மே 14, சனிக்கிழமை, காலை பத்து இருபது. பாளையங்கோட்டையில் வெயில் 38 டிகிரி. காற்று அறவே இல்லை. மேற்கே மலைப்பக்கம் மட்டும் இரண்டு துண்டு மேகம். இதை ஞாபகத்திலிருந்து எழுதவில்லை, நாட்குறிப்பில் இருக்கிறது. ஆற்றுப் பாசன அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் அணைக்கட்டுகளின் நீர்மட்டத்தை எழுதிய கை, ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை. மொட்டை மாடியில் சொந்தச் செலவில் ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். மழை பெய்யாத நாட்களிலும் போய்ப் பார்ப்பேன்.

அன்று பார்த்துவிட்டு இறங்கும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. என் மனைவியின் தம்பி வந்திருந்தான். விக்கிரமசிங்கபுரம் நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவன். என்னைவிட ஏழு வயது சிறியவன். ஆட்டோவில் அவன் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருக்க, நடுவில் துவாலை சுற்றிய ஒரு சாமான் வசதியாக உட்கார்ந்திருந்தது.

"என்னலே இது, மத்தளமா?" என்றாள் என் மனைவி.

"சம்பந்தி குடுத்த சீரு அக்கா. பைய, பைய. தட்டாத."

துவாலையை அவிழ்த்தான். ஒரு சிறிய மரப் பீப்பாய். நீளம் ஒன்றேகால் அடி. நான்கு இரும்பு வளையங்கள். கொள்ளளவு ஐந்து லிட்டர் என்றான்.

"சீரா? வெள்ளிச் சாமானா வரும்னுல்லா நெனச்சேன்" என்று என் மனைவி உள்ளே போய்விட்டாள். ஆனால் தம்பி கொண்டுவந்த பொருள் என்பதால் போகும்போதே கூடத்தில் ஓர் இடம் ஒதுக்கிவிட்டுத்தான் போனாள்.

இந்தச் சம்பந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மைத்துனனின் ஒரே மகன் ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கிறான். ஆறு வருஷத்துக்கு முன் அங்கேயே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். தகவல் வந்த நாளிலிருந்து என் மைத்துனன் மகனோடு பேசவில்லை, இரண்டு வருஷம் நான்கு மாதம். பிறகு பேத்தி பிறந்தாள், பேச்சு வந்தது. பெண்ணின் அப்பாவை அவன் வீடியோவில் மட்டும்தான் பார்த்திருந்தான். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் இருவரும் "ஹலோ, குட், குட்" என்று சொல்லிக்கொண்டு, அதற்குமேல் ஒன்றும் தெரியாமல், மகன் இணைப்பைத் துண்டிக்கும் வரை கையை ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். நான் பக்கத்தில் இருந்து கணக்கெடுத்ததில் அவர்களுடைய மிக நீண்ட உரையாடல் ஒரு நிமிஷம் பத்து வினாடி.

அந்தச் சம்பந்தி நாற்பது வருஷம் விஸ்கி வடிக்கும் ஆலையில் பீப்பாய் கட்டுபவராக வேலை பார்த்தவர். இந்தப் பீப்பாயைத் தன் கையாலேயே செய்து, விடுமுறையில் ஊருக்கு வந்த தன் மாப்பிள்ளையிடம், அதாவது என் மைத்துனன் மகனிடம், கொடுத்து அனுப்பியிருந்தார். டிசம்பரில் அவரும் மகளும் மாப்பிள்ளையும் பேத்தியும் வருவதாகத் திட்டம். பெரியவர்கள் மூன்று பேர். சுங்க விதிப்படி ஆளுக்கு இரண்டு லிட்டர் கொண்டுவரலாம். ஆக ஆறு லிட்டர் புதிதாய் வடித்த சாராயத்தை அவர்கள் கொண்டுவந்து, இந்தப் பீப்பாயில் ஊற்றி வைப்பார்கள். அது உள்ளே இருந்து விஸ்கியாக மாறும். இரண்டு சம்பந்திகளும் சேர்ந்து ஊற்ற வேண்டும் என்பது அவர் ஆசையாம்.

"அத உன் வீட்டுலயே வைக்க வேண்டியதுதான மாப்ள?" என்றேன்.

"வீட்டுக்காரி விட மாட்டேங்கா அத்தான். சபைப் பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர் வீட்டுல சாராயப் பீப்பாயான்னு குதிக்கா. ஒங்க வீட்டுல இருந்தா ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல மாட்டான். ஒங்களப் பத்திதான் ஊருக்கே தெரியுமே."

தெரியும்தான். எனக்கு அப்போது எழுபத்து மூன்று வயது. ஒரு சொட்டுக் குடித்ததில்லை. அவன் வருஷத்துக்கு நான்கு முறை குடிப்பவன். அந்த நான்கு முறையும் நான் அவனுக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன். அதை அவன் சொல்லிக்காட்டவில்லை. காப்பியைக் குடித்து முடித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"அந்த மனுசன்ட்டப் பேசுததுக்கு எனக்குப் பாஷை இல்ல அத்தான். சாப்பாடும் வேற, பாட்டும் வேற. எம்மவன் இனிமே இங்கன வந்து இருக்கப் போறதில்ல, அவுக பக்கத்துலதான் இருக்கப்போறான். அவருக்கும் எனக்கும் பொதுவா இந்த ஒண்ணாவது இருக்கட்டும். பாத்துக்கிடுங்க."

பராமரிப்புக்கு அவன் மகன் சொன்ன விதிகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒன்று, நிழலில் வைக்க வேண்டும். இரண்டு, வாரம் ஒருமுறை ஈரச் சாக்கு போர்த்த வேண்டும். மூன்று, வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்.

பத்தொன்பது நாள் விதிப்படி நடந்தேன்.

இருபதாம் நாள் என் மனைவி தக்கையைப் பிடுங்கி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள். கரப்பான் குடியேறியிருக்குமோ என்று சந்தேகமாம்.

"இங்க வாங்க. இதப் பாருங்க. உள்ள பூரா கருகிப்போயில்லா கெடக்கு!"

பார்த்தேன். உண்மைதான். அடுப்புக்குள் தலையை விட்டதுபோல ஒரே கரி. விரலை விட்டுத் தடவினால் நகம் வரை கறுத்தது.

"அவரு அப்படியா குடுத்திருப்பாரு?" என்றேன்.

"அவரு எப்படிக் குடுத்தாருன்னு யாருக்குத் தெரியும்? வார மனுசன் பாத்தா, நம்ம வீட்டுல வச்சுத்தான் கரியாச்சுன்னு நெனப்பாரு. சம்பந்தி வீட்டுச் சாமானத் தொலக்கி வைக்காம குடுத்தா, நாளைக்கு எந்தம்பியத்தான கேவலமா நெனப்பாக?"

இதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. சம்பந்தி வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தைப் பளிச்சென்று வைத்திருப்பது மரியாதை. மூன்றாம் விதி ஞாபகத்தில் இருந்தது. ஆனாலும் சுத்தம் செய்வது "வேறு ஒன்று" என்பதற்குள் வராது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். ஓர் அலுவலகக் குறிப்பில் இப்படி யாராவது எழுதியிருந்தால் விளக்கம் கேட்டிருப்பேன்.

கொதிக்கக் கொதிக்க வெந்நீர், சலவை சோடா, ஒரு பிடி பொடிச்சல்லி. ஊற்றித் தக்கையை அடைத்து, ஒரு பக்கம் அவளும் ஒரு பக்கம் நானுமாகப் பிடித்துக் குலுக்கினோம். முதல் தண்ணீர் மை போல வந்தது. இருபதாவது தண்ணீரில் காப்பி நிறம். எனக்குத் தோள்பட்டையில் ஏற்கெனவே வலி, முப்பதாவதில் உட்கார்ந்துவிட்டேன். அவள் விடவில்லை. நாற்பத்தொன்றாவது தண்ணீர் தெளிவாக வந்தது. கண்ணாடித் தம்ளரில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டோம். அன்றைக்கு நாங்கள் பட்ட சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பாக இருக்கிறது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். புதுக் கல்சட்டியோ தோசைக்கல்லோ எது வந்தாலும், வடித்த கஞ்சி ஊற்றிப் பழக்கி எடுத்துத்தான் புழங்குவது எங்கள் வீட்டு வழக்கம். இதையும் பழக்கினாள். மூன்று நாள் கஞ்சி நிரப்பி வைத்தது. மூன்றாம் நாள் புளித்த வாடை கூடத்தைத் தாண்டித் தெருவாசல் வரை வந்தது. வாடை போக மொட்டை மாடியில் வெயிலில் வைத்தோம், நான்கு நாள். சூன் மாதக் காற்று வேறு.

ஐந்தாம் நாள் காலை மழைமானியைப் பார்க்கப் போனேன். என் கண் முன்னே பீப்பாயின் ஒரு வளையம் தானாகக் கழன்று, சுவர் வரை உருண்டு போய் விழுந்தது. பீப்பாயைத் தூக்கிப் பிடித்தால் பலகைகளுக்கு நடுவே ஏழு இடத்தில் ஆகாயம் தெரிந்தது.

சணல் கயிற்றால் சுற்றிக் கட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளி, பழைய வேட்டியால் மூடினோம்.

என் மைத்துனன் ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் போன் செய்வான். அக்காவிடம் பேசிவிட்டு என்னைக் கேட்பான்.

"அத்தான், பீப்பா எப்படி இருக்கு?"

"இருக்கு மாப்ள."

அது பொய் இல்லை. கட்டிலுக்கு அடியில் இருக்கத்தான் செய்தது. சூன் 12 தொடங்கி டிசம்பர் 18 வரை, இருபத்தெட்டு ஞாயிறு, இருபத்தெட்டு "இருக்கு." ஒவ்வொரு முறையும் போனை வைத்த பிறகு இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்வேன். சாதாரணமாக இருப்பதைவிடப் பத்துப் புள்ளி கூடவே காட்டும்.

சூலை மாதம், இதை எப்படியாவது சரிசெய்ய வழி இருக்குமா என்று போனில் தேடினேன். தேடினால் வீடியோக்கள் வந்தன. விஸ்கி எப்படிச் செய்கிறார்கள் என்று பதினான்கு வீடியோ பார்த்தேன். ஞாயிறு ஆராதனையில் பக்கத்து வரிசையில் இருப்பவர் என் போனைக் கேட்டால் கொடுக்க முடியாத நிலைமைக்கு வந்தேன். எதைத் திறந்தாலும் சாராய விளம்பரம்.

ஆனால் பார்க்கப் பார்க்க எனக்கு அந்தத் தொழில்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது, அதை மறைக்கவில்லை. நாம் பயறு முளைகட்டுவதுபோல அவர்கள் பார்லியை நனைத்து முளைகட்டுகிறார்கள். முளை நீளும் முன்னே சூடுகாட்டி உலர்த்துகிறார்கள். சில ஊர்களில் சதுப்பில் வெட்டிய மண்கட்டிகளை எரித்து, அந்தப் புகையிலேயே உலர்த்துவார்களாம்; அந்தப் புகை கடைசிச் சொட்டு வரை கூடவே வருமாம். பிறகு அரைத்து, வெந்நீரில் கரைத்து, நுரைக்கவிட்டு, கழுத்து நீண்ட பெரிய செம்புக் கொப்பரையில் இரண்டு முறை வடிக்கிறார்கள். ஒவ்வோர் ஆலைக்காரரும் தங்கள் ஓடைத் தண்ணீரைப் பற்றிப் பேசாமல் இருப்பதில்லை. அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். தாமிரபரணியின் நீர்மட்டத்தை முப்பத்தொரு வருஷம் எழுதியவனிடமா தண்ணீர்ப் பெருமை?

இத்தனையும் செய்து வடித்தெடுப்பது பச்சைத் தண்ணீர்போல நிறமில்லாமல் இருக்கிறது. விஸ்கியின் நிறம் அதில் இல்லை. இனிப்பும் வாசமும் பெரும்பாலும் இல்லை. அவற்றைத் தருவது ஓக் மரப் பீப்பாயும் அதற்குள் கழியும் வருஷங்களும்.

ஆறாவது வீடியோவில் ஒருவர் புதிதாகக் கட்டிய பீப்பாயை நெருப்பின்மேல் வைத்தார். உள்ளே தீ எழும்பியது. வேண்டுமென்றே உட்புறத்தைக் கரியாக்கினார். அந்தக் கரிதான் புதுச் சாராயத்தின் காரத்தை வாங்கிக்கொள்கிறது. கரிக்குப் பின்னால், சூட்டில் பதமான மரத்திலிருந்துதான் இனிப்பும் நிறமும் இறங்குகின்றன என்று விளக்கினார். போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். பாயசப் பாத்திரத்தைத் துலக்குகிறோம் என்று நினைத்து நாங்கள் பாயசத்தையே சாக்கடையில் கொட்டியிருந்தோம், நாற்பத்தொரு முறை.

மனைவியிடம் சொன்னேன்.

"கரியா முக்கியம்?" என்றாள். "கரியத் தொலக்கியேதான எங்களுக்கு ஆயுசு போகுது." பிறகு, "எந்தம்பிட்ட நீங்க சொல்லாண்டாம். நான் சொல்லுதேன்" என்றாள். அவளும் சொல்லவில்லை. ஐந்து மாதம் இருவரும் மாறி மாறிச் சொல்லாமல் இருந்தோம்.

டிசம்பர் 23, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது நாற்பதுக்கு அவர்கள் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சம்பந்தி ஆறடிக்கு மேல். நிலையில் தலை இடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார். அரைக்கால் சட்டை, இடது கைப் பெருவிரலில் நகம் இல்லை. என் மைத்துனன் புதுச் சட்டை போட்டிருந்தான். அவன் மகன் கையில் ஒரு பை, பைக்குள் ஆறு பாட்டில். என் மனைவி, பேத்தியையும் மருமகளையும் அழைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனவள் வெளியே வரவில்லை.

நான் முந்தின நாளே ஆங்கிலத்தில் ஒரு விளக்கக் கடிதம் எழுதி வைத்திருந்தேன். ஒரு பக்கம், மூன்றாவது வரைவு. மெமோவுக்குப் பதில் எழுதும் முறையிலேயே எழுதினேன். வேறு முறை எனக்குத் தெரியாது. பெறுநர், பொருள், பார்வை. பிறகு, கீழ்க்கண்ட தவறுகளைச் செய்தது நான்தான் என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்: கழுவியது, நாற்பத்தொரு முறை. கஞ்சி ஊற்றியது, மூன்று நாள். வெயிலில் வைத்தது, நான்கு நாள். என் மைத்துனருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை, அவருக்கு இந்த நிமிஷம் வரை தெரியாது.

சம்பந்தியிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றபடியே வாசித்தார். ஓரிடத்தில் நிறுத்தி மாப்பிள்ளையிடம் ஏதோ கேட்டார். அவர் பேசும் ஆங்கிலம், நான் முப்பத்தொரு வருஷம் கோப்புகளில் படித்த ஆங்கிலத்துக்கு எந்த வகையிலும் உறவில்லாதது.

"கஞ்சின்னா என்னன்னு கேக்காரு மாமா" என்றான் மைத்துனன் மகன்.

"கஞ்சியா?" என்றான் என் மைத்துனன். "கஞ்சி எதுக்கு?"

மகன் கடிதத்தை வாங்கித் தமிழில் சொன்னான். சொல்லச் சொல்ல என் மைத்துனன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கேட்டேனே அத்தான்" என்றான். "இருக்கு, இருக்குன்னீயளே."

"மாப்ள..."

"நான் என்னத்தக் கேட்டேன் ஒங்ககிட்ட? இந்த ஒண்ணத்தான கேட்டேன்."

எழுந்து வாசலுக்குப் போய், கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றான். முதுகு மட்டும் தெரிந்தது. மகன் பின்னாலேயே போக எழுந்து, பிறகு போகவில்லை. அவனிடம் அப்பா பேசாமல் இருந்த இரண்டு வருஷம் அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது.

சம்பந்தி பீப்பாயைக் கொண்டுவரச் சொல்லிக் கையைக் காட்டினார். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து வந்து வைத்தேன். அவர் தரையில் சம்மணம் போட முயன்று, முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்து, சணலை அவிழ்த்தார். பீப்பாய் ஒரு பெருமூச்சுக்கூட விடாமல் அப்படியே விழுந்தது. பதினான்கு பலகை, நான்கு வளையம், இரண்டு மூடி. ஒரு பலகையை எடுத்து முகர்ந்தார். மூக்கைச் சுளித்தார். அதை எடுத்துக்கொண்டு நேரே வாசலுக்குப் போய், என் மைத்துனனின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

அவன் முகர்ந்தான். ஆறு மாதப் புளித்த கஞ்சி. "ஏசுவே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். சம்பந்தி மறுபடி முகர்ந்து மறுபடி சுளித்தார், கொஞ்சம் வேண்டுமென்றே. என் மைத்துனன் சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

சம்பந்தி ஏதோ சொன்னார். மகன் எங்களுக்குச் சொன்னான்: "இங்க பக்கத்துல சுத்தியலும் நெருப்பும் எங்கன கெடைக்கும்னு கேக்காரு."

திருச்செந்தூர் சாலையில் ஒரு டிங்கரிங் பட்டறை உண்டு. அடிபட்ட கார்க் கதவு தட்டும் இடம். கிளம்பும் முன் பதினான்கு பலகையிலும் சாக்பீஸால் வரிசை எண் போட்டேன். சம்பந்தி பொறுமையாகக் காத்திருந்தார். எண் இல்லாமலே அவருக்கு எது எங்கே என்று தெரியும் என்பதை மைத்துனன் மகன் எனக்கு மறுநாள்தான் சொன்னான். ஒரே ஆட்டோவில் நாலு பேர். சம்பந்தியின் முழங்கால் ஓட்டுநரின் முதுகில்.

பட்டறைக்கார அண்ணாச்சி சாக்கைப் பிரித்துப் பார்த்தார்.

"என்ன சார், வெறகா?"

"பீப்பாய். உள்பக்கம் கரிக்கணும்."

"கரிக்கணுமா? கரியெடுக்கத்தான் எல்லாரும் எங்கிட்ட வாராக. நீங்க கரியப் பூசச் சொல்லுதீய. இந்தத் தொரைதான் ஓனரா?"

"எங்க சம்பந்தி" என்றான் என் மைத்துனன். அந்தக் குரலில் கொஞ்சம் உரிமை வந்திருந்ததைக் கவனித்தேன். என்னைப் பார்த்து இன்னும் பேசவில்லை.

அடுத்த கடைத் தச்சரிடம் இழைப்புளி வாங்கி, சம்பந்தி ஒவ்வொரு பலகையின் உட்புறத்தையும் சீவினார். கஞ்சி ஏறிய தோல் சுருள் சுருளாக வந்து விழுந்தது. அடியில் மரம் வெளுப்பாக இருந்தது. பிறகு ஒரு வளையத்துக்குள் பலகைகளைச் சுற்றி நிறுத்தினார். அதற்கு இரண்டு கை போதவில்லை. என் மைத்துனன் கேட்காமலே எதிர்ப்பக்கம் குந்தி உட்கார்ந்து பிடித்துக்கொண்டான். முப்பது வருஷம் மில்லில் இயந்திரங்களோடு மல்லுக்கட்டியவன். எந்தப் பலகை பிதுங்கும், எங்கே அழுத்த வேண்டும் என்பது அவன் கைக்குத் தெரிந்தது. சம்பந்தி ஆங்கிலத்தில் சொன்னார், இவன் தமிழில் சொன்னான்.

"லேசா... லேசா... இந்தப் பக்கம் வே. ஆங். இப்ப அடியும்!"

அடித்தார். ஓர் அடி இவன் கட்டைவிரலில் விழுந்தது. இவன் கத்தியதும், சம்பந்தி தன் நகமில்லாத பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். மகன் நடுவில் மொழிபெயர்க்க வாயைத் திறந்து, தேவைப்படவில்லை என்று மூடிக்கொண்டான்.

நெருப்பு வைக்கும் நேரம் வந்தது. அண்ணாச்சி கேஸ் டார்ச்சைப் பற்றவைத்தார். சம்பந்தி என் பக்கம் திரும்பி, பத்து விரலையும் விரித்து மடக்கி, நான்கு முறை காட்டினார். நாற்பது. என் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினார். எண்ணச் சொல்கிறார்.

எண்ணினேன். வாய்விட்டுத் தமிழிலேயே எண்ணினேன். பதினைந்தில் மரம் படபடவென்று வெடித்தது. இருபத்தாறில் உள்ளே மரமே தீப்பற்றிச் சுடர் வெளியே வந்தது.

"போதும் சார், எரிஞ்சு போவும்!" என்று அண்ணாச்சி டார்ச்சை இழுக்கப் போனார்.

"விடும்வே!" என்றான் என் மைத்துனன். "அத்தான் எண்ணி முடிக்கட்டும்."

அவன் அன்று வாசலுக்குப் போனதிலிருந்து என்னைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது. முப்பதில் புகை மறைத்தது, கடிகாரத்தைக் கண்ணுக்கு அருகே தூக்கிப் பிடித்து எண்ணினேன். நாற்பது என்றதும் சம்பந்தி தண்ணீரை வீசி அணைத்தார். புஸ்ஸென்று எழுந்த ஆவியில் கருப்பட்டிப் பாகு காய்ச்சும் வாசமும், வறுத்த தேங்காய் வாசமும் வந்தன. காரைத் தட்டிக்கொண்டிருந்த இரண்டு ஆட்களும் சுத்தியலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

மூடி வைக்கும்போது இடுக்கில் வைக்க அவருக்கு ஏதோ வேண்டியிருந்தது. மைத்துனன் மகனுக்கு அந்த ஆங்கிலச் சொல் தெரியவில்லை. சம்பந்தி நீளமாக, தட்டையாக, தண்ணீரில் நிற்கிற மாதிரி விரலால் காட்டினார். என் மைத்துனன் ஒரு நொடி பார்த்தான். "கோரை" என்றான். அண்ணாச்சியின் மதியத் தூக்கப் பாயின் ஓரத்திலிருந்து அவனே நாலு கோரையை உருவி நீட்டினான். சம்பந்தி வாங்கி வளைத்துப் பார்த்து அவன் முதுகில் ஒன்று வைத்தார். அவர்கள் ஊரிலும் ஆற்றோரத்துக் கோரைதானாம்.

"எம் பாயி போச்சு" என்றார் அண்ணாச்சி. அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்து பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, புது வாளியொன்றின் மேல் இரண்டு கம்பி வைத்து அதில் கிடத்தினோம். மரம் ஊறிப் பருத்தால் இடுக்கு மூடும் என்றார் சம்பந்தி. மூடுமா என்பது எனக்கு நிச்சயமில்லை. அன்று மாலை ஐந்து மணிக்கு நிமிஷத்துக்கு அறுபத்து நான்கு சொட்டு. மறுநாள் காலை பதினேழு. மாலை மூன்று. கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை முடிந்து வந்து, புது வேட்டியோடு குனிந்து ஐந்து நிமிஷம் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை. விக்கிரமசிங்கபுரத்துக்குப் போன் போட்டேன்.

"மாப்ள, சொட்டு நின்னுட்டு."

"நெசமாத்தான் சொல்லுதீயளா, இல்ல 'இருக்கு' மாதிரியா?"

"வந்து பாரும்வே."

26ஆம் தேதி திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு ஊற்றினார்கள். புனலை ஒருவர் பிடிக்க, பாட்டிலை ஒருவர் சாய்க்க, மாறி மாறி. நான் அளந்தேன். உள்ளே சீவியதால் பீப்பாய் பிடித்தது ஐந்து லிட்டர் நூற்று முப்பது மில்லி. மிச்சத்தில் இருவரும் விரல் அளவு எடுத்து, அதோடு சம அளவு எங்கள் குழாய்த் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டார்கள். குழாயில் வருவது தாமிரபரணிதான். சம்பந்தி முதலில் வெறும் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்துப் பார்த்து என்னை நோக்கித் தலையசைத்தார். அதை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

நான் முகர்ந்து மட்டும் பார்த்தேன். நெல் அவிக்கும்போது வரும் வாசம், அதற்குப் பின்னால் கண்ணைக் கரிக்கும் ஒரு சூடு. இது இனி மரத்துக்குள் இருந்து இருந்து வேறாகும். எங்கள் ஊர் வெயிலில் சீக்கிரமே ஆகிவிடும், ஆனால் ஆவியாகப் போவதும் அதிகம் என்றாராம் சம்பந்தி. அவர்கள் இருவரும் கூடத்தில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். என் மைத்துனன் மில்லில் நூல் அறுந்தால் எப்படி முடிபோடுவது என்று துண்டின் ஓரத்தை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தான். அவர் அதையே தன் பெரிய விரல்களால் செய்து பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தார். மகன் பக்கத்தில் இல்லை. பிள்ளையை அழைத்துக்கொண்டு அல்வா வாங்கப் போய்விட்டான். நேரத்தைப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு நிமிஷம் பேசினார்கள்.

"பீப்பா இங்கயே இருக்கட்டும் அத்தான்" என்றான் கிளம்பும்போது. "அக்கா, நீ மட்டும்..."

"நான் அந்தப் பக்கமே போவ மாட்டேன்லே. தூசி படிஞ்சாலும் தொடைக்க மாட்டேன்."

செலவில் பாதியைத் தருவேன் என்று சட்டைப் பையில் பணத்தைத் திணித்தான். எடுத்துத் திருப்பிக் கொடுத்தேன். மறுபடி திணித்தான். கழுவியது நான், இருபத்தெட்டு ஞாயிறு வாய் திறக்காமல் இருந்ததும் நான். இதில் பாதி என்று ஒன்று கிடையாது என்று சொல்லி, ஆட்டோ கிளம்பும் வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் போனதும் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். ஆட்டோ போக வர, காத்திருந்ததோடு 450. பட்டறையில் கேஸுக்கும் இடத்துக்கும் 600. இழைப்புளி வாடகை 200. பதினொரு டீ 132, பதினான்கு வடை 112. அவன் கட்டைவிரலுக்குக் களிம்பு 65. வாளி 240. மொத்தம் ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்.